பீன்ஸ், போஞ்சி, புன்ச்சிஸ்: ஒரு காயின் பெயருக்கு வேர் தேடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், காலைப் பசாரில், அதாவது காலைச் சந்தையில், ஒரே கூடைக்கு மூன்று பெயர் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் அக்கா "பீன்ஸ் கால் கிலோ போடுங்க" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த பெரியவர் அதையே "போஞ்சி" என்பார். கடைக்காரர் அட்டையில் எழுதி வைத்திருப்பது "கச்சாங் புன்ச்சிஸ்". கேட்பவருக்கு இவை மூன்று மொழியின் மூன்று சொற்கள். உண்மையில் மூன்றும் ஒரே சொல். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் முதலான வட ஐரோப்பாவின் ஜெர்மானிய மொழிகளில் பிறந்த ஒரு பழஞ்சொல், ஆங்கிலேயர் கப்பலிலும் டச்சுக்காரர் கப்பலிலும் ஏறி, வெவ்வேறு துறையில் இறங்கி, இந்தப் பசாரில் மறுபடி சந்தித்திருக்கிறது.

இதை வாயால் சொன்னால் போதாது, நிறுவ வேண்டும். அதற்கான முறைதான் இது. தமிழ்ப்பள்ளித் திட்டப்பணிக்கும் ஊர் வாசகர் வட்டத்துக்கும் பொருந்தும். தேவைப்படுபவை: பசாரில் இரண்டு காலைப்பொழுது, கோடு போட்ட நோட்டு ஒன்று, ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசி, இணையம், பெரிய தாள் ஒன்று. வேலையின் உயிர்நாடி ஒரே விதி: தனியாக நிற்கும் ஒற்றுமை சாட்சி ஆகாது, வரிசையாக வரும் ஒற்றுமைதான் சாட்சி. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

காயை முதலில் உறுதி செய்யுங்கள்

பெயர் தேடப் போகிறவர்கள் பாதிப்பேர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். மலாயில் "கச்சாங்" என்பது பயறு, அவரை, கடலை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். "கச்சாங்" என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் வீட்டில் உட்கார்ந்து என்ன காய் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

நாம் தேடுவது விரல் பருமனுக்கும் மெலிந்த, பெரும்பாலும் 10 முதல் 15 செண்டிமீட்டர் நீளமுள்ள பச்சைக் காய். தாவரவியல் பெயர் ஃபேசியோலஸ் வல்காரிஸ். பக்கத்திலேயே கட்டுக் கட்டாகத் தொங்கும் கச்சாங் பஞ்சாங், அதாவது பயத்தங்காய், வேறு இனம். முழங்கை நீளத்தைத் தாண்டும். நான்கு ஓரமும் சிறகு வைத்த கச்சாங் போத்தோல் இன்னொன்று. இவற்றை நோட்டில் கலக்காதீர்கள்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் இந்தக் கதைக்கு மூலம். சீனர் பலகாரக் கடைகளில் பொரித்து உப்பிட்டு விற்கும் அகலமான தட்டைப் பயறு. தாவரவியல் பெயர் விசியா ஃபாபா. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொடியோடு ஒட்டியிருந்த தழும்பு, தோல் உரிக்காத பயற்றில் ஒரு முனையில் கறுத்த கோடாகக் கிடக்கும். பீன்ஸ் முற்றிய விதையிலோ தழும்பு சிறுநீரக வடிவின் உள்வளைவில் இருக்கும். இந்த இரண்டு விதைகளையும் தாளில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டுக்கும் இன்று வழங்கும் அறிவியல் பெயரை 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் வைத்தார். அவருக்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பிய மக்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெயரைச் சொல்லாமல் பெயரைக் கேளுங்கள்

காயைக் கையில் பிடித்துக் காட்டி, "அக்கா, வீட்டுல இதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "இதுக்கு பீன்ஸ்னுதானே பேரு?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதில் செல்லாது. "வீட்டுல" என்ற சொல் முக்கியம். கடை பாஷையில் எல்லோரும் மலாய்ப் பெயரைச் சொல்லிவிடுவார்கள், பாட்டி சமையற்கட்டில் சொன்ன பெயர் வெளியே வராது.

குறைந்தது பத்துப் பேரைக் கேளுங்கள். தோட்டத்துக் குடும்பங்கள், இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், மலாய்க்காரர்கள் என்று மூன்று தரப்பும் இருக்க வேண்டும். ஒரு தரப்பில் மூன்று பேருக்குக் குறைந்தால் அது அந்த ஒருவரின் பழக்கமா, தரப்பின் வழக்கா என்று பிரிக்க முடியாது. வயதையும் பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் குறியுங்கள். பெயர், முகவரி வேண்டாம்.

பதிலை முழு வாக்கியமாக எழுதுங்கள். "நாங்கள் போஞ்சி எண்டுதான் சொல்லுறனாங்கள்" என்ற வாக்கியத்தில் "எண்டு" என்ற ஒரு சொல்லே அந்தக் குடும்பத்தின் பேச்சுவழக்கைக் காட்டிவிடும். வெறும் "போஞ்சி" என்று எழுதினால் அந்தத் தடயம் போய்விடும்.

எழுத்து மறைப்பதைக் காது பிடிக்க வேண்டும்

தமிழ் எழுத்தில் இந்த வேலையைச் செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பகரம். "பல்" என்பதிலும் "பஸ்" என்பதிலும் ஒரே ப-தான், ஒலி வேறு. பீன்ஸ், போஞ்சி, புன்ச்சிஸ் மூன்றிலும் முதல் ஒலி "பஸ்" என்பதன் ப. நோட்டில் இதற்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாக மெலிந்து ஒலிக்கும். "பஞ்சு" என்று எழுதுகிறோம், சகரம் ஜகரத்தின் பக்கம் போகிறது. "போஞ்சி"யும் அப்படியே, காதில் விழுவது போன்ஜி. மலாய்ச் சொல்லில் அந்த இடத்தில் வருவது அழுத்தமான ச்ச். அதனால்தான் அதைப் "புஞ்சிஸ்" என்று எழுதக் கூடாது, "புன்ச்சிஸ்" என்று எழுத வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்த்து இரண்டும் வேறு சொல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தமிழ் நாக்கு தன் விதிப்படி அந்த ஒலியை மென்மையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சிங்களத்தில் இதே சொல்லில் அழுத்தமான ச்ச் அப்படியே நிற்கிறது.

மேலே ஏறுவது: மூலச் சொல்

ஆங்கிலத்தில் ஒற்றை விதை "பீன்". டச்சில் "போன்". ஜெர்மனில் "போனெ". ஸ்காண்டினேவிய மக்களின் பழைய மொழியான பழைய நோர்ஸில் "பௌன்". பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ "பேஅன்". இவற்றை வைத்து மொழியியலார் மீட்டெடுத்த பழைய ஜெர்மானிய வடிவம் *பௌனோ. முன்னால் உள்ள நட்சத்திரக் குறியை விடாதீர்கள். இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்கவில்லை, கணித்துப் பெறப்பட்டது என்று அது சொல்கிறது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுதினால், இல்லாத சான்றை இருப்பதாகச் சொன்ன குற்றம் வந்து சேரும்.

இப்போது விதியைப் பயன்படுத்துங்கள். பீன், போன், பௌன் மூன்றும் ஒன்று போல இருக்கிறது என்பது ஒரு வரி. ஒரு வரி தற்செயலாகவும் அமையும். இதே உயிரெழுத்து மாற்றம் வேறு சொற்களிலும் வருகிறதா? ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், பழைய நோர்ஸ் என்ற அதே ஒழுங்கில்:

பீன் – போன் – போனெ – பௌன் (அவரை)
ஈஸ்ட் – ஓஸ்ட் – ஓஸ்ட் – ஔஸ்த்ர் (கிழக்கு)
ஸ்ட்ரீம் – ஸ்ட்ரோம் – ஷ்ட்ரோம் – ஸ்ட்ரௌம்ர் (நீரோட்டம்)

ஆங்கிலத்தில் ஈ வருமிடத்தில் டச்சிலும் ஜெர்மனிலும் ஓ, நோர்ஸில் ஔ. மூன்று வரியும் அசையாமல் நிற்கிறது. நான்காவதாக ரொட்டிக்கான சொல்லையும் போடலாம்: பிரெட் – பிரோட் – ப்ரோட் – ப்ரௌத். ஆங்கிலத்தில் மட்டும் ஈ இல்லை, எ இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அந்தச் சொல்லில் நெடில் பின்னாளில் குறுகிவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டில் பீன், ஸ்ட்ரீம் இரண்டிலும் உள்ள அதே இரட்டை உயிர் பிரெட்டிலும் எழுதப்படுவது அதன் பழைய உறவுக்கு அடையாளம். விதிக்கு விலகிய சொல்லைத் தள்ளிவிடாமல், ஏன் விலகியது என்று ஒரு வரி எழுதிச் சேர்ப்பதே நல்ல வேலை.

இன்னும் மேலே: எங்கே நிறுத்துவது

இலத்தீனில் இந்தப் பயறு "ஃபாபா". ரஷ்ய மொழியில் "போப்". இவையும் உறவா? முதல் எழுத்து ஒத்துப்போகிறது. ஜெர்மன் மொழியியலார் யாகோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திக் காட்டிய ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீனில் ஃப வரும் இடத்தில் ஜெர்மானியத்தில் பஸ்-இன் ப வரலாம். சகோதரனுக்கு இலத்தீனில் ஃப்ராதெர், ஆங்கிலத்தில் பிரதர், வடமொழியில் ப்ராத்ரு, ரஷ்யத்தில் ப்ராத். ஆனால் ஃபாபாவிலும் போப்பிலும் இருக்கும் இரண்டாவது ப, *பௌனோவில் இல்லை. அது எப்படி மறைந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகவே தாளில் இந்த இணைப்பைப் புள்ளிக் கோடாகப் போடுங்கள். முழுக்கோடு போட ஆசையாக இருக்கும், போடாதீர்கள்.

அகராதி வலைத்தளங்களில் ஃபின்லாந்து மொழியின் "பாப்பு", ஹங்கேரிய மொழியின் "பாப்" இரண்டும் பக்கத்தில் கிடக்கும். இவை ரஷ்யர் உள்ளிட்ட ஸ்லாவ் மக்களின் மொழிகளிலிருந்து கடன் வாங்கியவை. உடன்பிறந்தவர்கள் வேறு, வாங்கிக்கொண்டவர்கள் வேறு. ஒரே வீட்டில் பிறந்த சொற்களுக்கு ஒரு நிறம், கடனாகப் போன சொற்களுக்கு வேறு நிறம் என்று முதலிலேயே இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதிவிட்டுப் பிறகு நிறம் பிரிக்கலாம் என்றால் எது எது என்பது மறந்துபோகும்.

காப்பி பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பருக்கு முன் இந்த நாட்டின் தோட்டங்களில் காப்பி இருந்தது, அதனால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. அரபியில் காப்பிக்கொட்டைக்குப் "புன்". டச்சுப் போனும் ஆங்கிலப் பீனும் அதிலிருந்து வந்தவையா? இல்லை. பழைய ஆங்கில ஏடுகளில் பேஅன் எழுதப்பட்ட காலத்தில் ஐரோப்பாவுக்குக் காப்பியே தெரியாது. காலம் ஒன்றே இந்த வழக்கை முடித்துவிடுகிறது. ஒலி எவ்வளவு நெருங்கினாலும் ஆண்டு இடித்தால் கைவிட வேண்டும்.

டச்சு வழி: இதுதான் இந்த ஊருக்குச் சொந்தமான பகுதி

டச்சில் ஒரு பழக்கம் உண்டு. சின்னதாகவோ செல்லமாகவோ சொல்ல, பெயரின் பின்னால் "ட்யெ" சேர்ப்பார்கள். போன் என்பது போன்ட்யெ ஆகும், பன்மையில் போன்ட்யெஸ். மெலிந்த பச்சைக் காய்க்கு இந்தச் சிறுமை வடிவம் பொருந்தி வந்தது. இப்போது "போன்ட்யெ" என்பதை வேகமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். டகரமும் யகரமும் ஒட்டி நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தைத் தொடும், சகரம் பிறக்கும். நமக்கு இது புதிதல்ல. "ஐந்து" பேச்சில் "அஞ்சு" ஆனதும் "அடித்து" என்பது "அடிச்சு" ஆனதும் யகர, இகரத் தொடர்பால் நாக்கு அண்ணத்துக்கு இழுபட்டதால்தான். போன்ட்யெ போஞ்சி ஆனதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வரிசை வேண்டுமே. டச்சில் மேசை இழுப்பறைக்கு "லாட்யெ". இலங்கைத் தமிழில் "லாச்சி", மலாயில் "லாச்சி". போன்ட்யெக்குப் போஞ்சி, லாட்யெக்கு லாச்சி: அதே ட்யெ, அதே சி. பசாரில் கடைக்காரர் காசு போடும் மேசை இழுப்பறையைக் காட்டி மலாயில் அதன் பெயரைக் கேட்டால் இரண்டாவது வரி கையில் கிடைத்துவிடும். சகரம் வராத இன்னொரு டச்சுச் சொல்லையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: அலுவலகத்துக்கு இலங்கைத் தமிழில் "கந்தோர்", இந்தோனேசியாவில் "கான்தோர்", டச்சில் "கன்டோர்". டச்சுச் சொற்கள் இந்த இரண்டு கரையிலும் இறங்கின என்பதற்கு இது சாட்சி.

வழியும் காலமும் பொருந்த வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. 1619இல் ஜாவாவில் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்கா. 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம். இலங்கைக் கரையோரம் 1796 வரை அவர்கள் கையில் இருந்தது. மலாக்கா 1795இல் ஆங்கிலேயரிடம் போய், 1818இல் திரும்பி, 1824 ஒப்பந்தத்தால் முற்றிலுமாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1795 வரை 137 ஆண்டு, மலாக்காவில் அதைவிடச் சற்று அதிகம். ஒரு காய்கறிப் பெயர் சமையற்கட்டில் ஊறிப்போக இது தாராளமான காலம். போஞ்சி பிறகு யாழ்ப்பாணத்துக் கிராணிமாரோடும் ரயில்வே ஊழியர்களோடும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. அதாவது, டச்சுக்காரர் மலாக்கா வழியாகக் கொண்டுவந்த அதே சொல்லின் உடன்பிறப்பு, ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழர் வாயில் இரண்டாம் முறை இந்தக் கரை இறங்கியது.

கடைசி ஸகரத்தைக் கவனியுங்கள்

போஞ்சியில் ஸ் இல்லை, புன்ச்சிஸில் இருக்கிறது. போஞ்சி ஒருமையிலிருந்து, புன்ச்சிஸ் பன்மையிலிருந்து. நம் பீன்ஸும் ஆங்கிலப் பன்மையேதான். "ஒரு பீன்ஸ் கீழ விழுந்திடுச்சு" என்று சொல்லும்போது நாம் அந்த ஸகரத்தைப் பன்மையாக நினைப்பதில்லை, பெயரின் பகுதியாகவே நினைக்கிறோம். குவியலாக விற்கும் பொருளின் பெயர் பன்மையிலேயே காதில் விழும், அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். 1652இல் டச்சுக்காரர் கேப் முனையில் குடியேறினார்கள். அவர்கள் பேச்சிலிருந்து வளர்ந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் பன்மைச் சொல்லை ஜூலு மக்கள் எடுத்து "உபொன்ச்சீசி" ஆக்கினார்கள். முன்னால் உள்ள உ அவர்கள் மொழியின் பெயர்ச்சொல் முன்னொட்டு. சொல் உயிரில் முடிய வேண்டும் என்பதால் கடைசியில் ஒரு இ. நாம் பஸ்ஸைப் "பஸ்ஸு" ஆக்குவது போல. இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் மிஞ்சுவதைப் பாருங்கள்: பொன்ச்சீஸ். மலாய்ப் புன்ச்சிஸின் இரட்டைப் பிள்ளை. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு மக்கள் ஒரே மூலத்திலிருந்து ஒரே உருவத்தை எடுத்திருக்கிறார்கள் என்றால் மூலம் எது என்பதில் சந்தேகம் மிஞ்சாது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களும் இந்தச் சொல் வழங்கிய மண்ணில்தான் கால் வைத்தார்கள்.

பன்மையை எடுத்துக்கொண்ட பழைய சாட்சி ஒன்று அயர்லாந்தில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே குடியேறிய நோர்ஸ் மக்களின் பன்மைச் சொல் "பௌனிர்", ஐரிஷ் மொழியில் "போனர்" ஆகி நின்றது. அதில் மென்மையான முதல் எழுத்து "பல்" என்பதன் வல்லெழுத்தாக மாறிவிட்டது.

பிஞ்சுதான் புன்ச்சிஸ் ஆனதா?

இந்தத் தலைப்பை எடுத்தாலே யாராவது இதைக் கேட்பார்கள், ஆசையோடு கேட்பார்கள். "பிஞ்சாகப் பறிக்கிற காய், பிஞ்சு புன்ச்சிஸ் ஆகிவிட்டது." கேள்வி நல்ல கேள்வி. தமிழ் மலாய்க்குக் கொடுத்த சொற்கள் நிறைய. அந்தச் சொற்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

பெட்டி மலாயில் "பெத்தி". கப்பல் "கப்பால்". தமிழில் இரட்டித்த வல்லினம் மலாயில் வல்லினமாகவே நிற்கிறது. கடை "கெடாய்", முதல் "மோடால்". தமிழில் உயிர்களுக்கு நடுவே தனியாக நின்று மெலிந்து ஒலிக்கும் எழுத்து, மலாயிலும் மெலிந்த ஒலியாகவே போயிருக்கிறது. மலாய்க்காரர் தமிழரின் எழுத்தைப் பார்த்து வாங்கவில்லை, ஒலியைக் கேட்டு வாங்கினார்கள் என்று இதில் தெரிகிறது. நமக்கு வேண்டிய வரி அடுத்தது: கஞ்சி மலாயில் "கன்ஜி". ஞ்ச என்று எழுதி ன்ஜ என்று நாம் ஒலிப்பதை அவர்கள் ன்ஜ என்றே வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்குப்படி பிஞ்சு மலாய்க்குப் போயிருந்தால் "பின்ஜு" போல ஏதாவது ஆகியிருக்க வேண்டும், பெட்டியின் ப-வோடு. புன்ச்சிஸில் பஸ்-இன் ப இருக்கிறது, அழுத்தமான ச்ச் இருக்கிறது, இகரத்துக்குப் பதில் உகரம், கடைசியில் எங்கிருந்தோ வந்த ஸ். நான்கு இடத்தில் இடிக்கிறது. டச்சுப் போன்ட்யெஸை வைத்தால் ப, ச்ச், ஸ் மூன்றும் தாமாகவே பொருந்துகின்றன. ஓ உகரமானது ஒன்றுதான் விளக்க வேண்டியது, அதுவும் பக்கத்து ஒலி. பிஞ்சை விட்டுக்கொடுப்பதால் தமிழுக்குக் குறைவு ஏதுமில்லை. பெட்டியும் கப்பலும் கடையும் கஞ்சியும் விதிப்படி நிற்பதால்தான் அவற்றைத் தமிழ் என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறது. அதே விதியை நமக்கு வேண்டாதபோது மட்டும் தள்ளிவைக்க முடியாது.

பெயர் நின்றது, காய் மாறியது

தாளில் ஒட்டி வைத்த இரண்டு விதைகளுக்கு இப்போது வாருங்கள். *பௌனோ என்ற சொல் உருவான காலத்தில் ஐரோப்பாவில் இன்றைய பீன்ஸ் கிடையாது. அவர்கள் அறிந்தது அகலமான விசியா ஃபாபா. வட கடலோரத் தீவு ஒன்றில் அது விளைந்ததால் ரோமானியர் அந்தத் தீவை ஃபாபாரியா என்று அழைத்ததாகக் கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். பீன்ஸ் மெக்சிகோ பக்கத்திலும் ஆண்டீஸ் மலையிலும் மனிதர் பயிராக்கிய கொடி. 1492க்குப் பிறகே ஐரோப்பா கண்டது. புதுக்காய்க்குப் பழைய பெயரையே வைத்தார்கள், முன்னால் ஓர் அடைமொழி மட்டும் சேர்த்து. ஜெர்மன் மூலிகை நூலாசிரியர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் அதன் படத்தை "வெல்ஷ் போனென்" என்று வெளியிட்டார்; வெல்ஷ் என்றால் அயலாருடையது. ஆங்கிலத்தில் "பிரெஞ்ச் பீன்" என்பதும் அதே போக்குத்தான். பிறகு அடைமொழியை விட்டுப் பெயர் மட்டும் நின்றது.

அதனால் தாளில் சொல்லுக்கு ஒரு கோடும் செடிக்கு ஒரு கோடும் தனித்தனியாக வரைய வேண்டும். சொல் வட ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வருகிறது. செடி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வழியாக வருகிறது. இரண்டும் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒன்று சேர்ந்து, அதன் பிறகு ஒரே கப்பலில் பயணம் செய்கின்றன. ஒரே கோடாகப் போட்டால் ஜெர்மானியர் ஆதியிலேயே பீன்ஸ் பயிரிட்டதாக அர்த்தமாகிவிடும். மாணவர் தாள்களில் மிகுதியாக வரும் பிழை இதுவே.

தமிழுக்கு அவரையும் மொச்சையும் பயறும் பழஞ்சொற்கள். அவரை சங்கப் பாட்டிலேயே பூக்கிறது. தமிழர் புதுக்காயை அவரை என்று அழைத்திருக்கலாம். அவரைக்காய் ஏற்கனவே பந்தலில் காய்த்துக்கொண்டிருந்தது, கலந்துவிடும். அதனால் காயோடு வந்த பெயரே ஒட்டியது: ஆங்கிலேயர் வழியில் பீன்ஸ், டச்சுக்காரர் வழியில் போஞ்சி.

அகராதியை எந்த ஒழுங்கில் திறப்பது

தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மலாய்க்கு மலேசியாவின் மொழி நிறுவனமான டேவான் பாஹாசா டான் புஸ்தாக்காவின் தேடல் தளம். டச்சுக்கு எட்டிமோலோகிபாங்க் என்ற தளம். பல டச்சுச் சொற்பிறப்பு அகராதிகளை ஒரே பக்கத்தில் தரும். அதே ஒழுங்கில் போங்கள், ஊரிலிருந்து வெளியே. நேராக ஐரோப்பிய அகராதியைத் திறந்தால், அங்கே எழுதியிருப்பதற்கு ஏற்றபடி பசாரில் கேட்டதைக் காது திருத்திக்கொள்ளும். மலாயாவில் இந்தக் காயைப் பற்றிய பழைய செய்தியும் விளம்பரமும் வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் பழைய இதழ்களைத் தேடலாம். ஐந்து தளங்கள் ஒரே வாக்கியத்தை எழுத்து மாறாமல் சொன்னால் அது ஐந்து சாட்சி இல்லை, ஒன்றைப் பார்த்து நான்கு எழுதியது. நோட்டில் ஒன்றாகவே எண்ணுங்கள்.

தாளை முடிப்பது

மேலே நடுவில் *பௌனோ. அதற்குக் கீழே ஒரே நிறத்தில் ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், நோர்ஸ். ஆங்கிலப் பன்மையிலிருந்து தமிழ்ப் பீன்ஸுக்கு ஓர் அம்பு. டச்சு ஒருமையிலிருந்து போஞ்சிக்கும் சிங்களச் சொல்லுக்கும் அம்புகள். டச்சுப் பன்மையிலிருந்து புன்ச்சிஸுக்கு. ஆப்பிரிக்கான்ஸ் வழியாக ஜூலுவுக்கு ஒன்று, நோர்ஸ் பன்மையிலிருந்து ஐரிஷுக்கு ஒன்று. ஃபாபாவும் போப்பும் புள்ளிக் கோட்டில். ஒவ்வொரு அம்பின் மேலும் ஊரும் ஆண்டும். ஆண்டு எழுத முடியாத அம்பு இருந்தால் அதையும் புள்ளிக் கோடாக மாற்றிவிடுங்கள்.

தாளின் கீழ்ப்பகுதியில் நான்கு விரல் இடம் காலியாக விடுங்கள். அங்கே பசாரில் கேட்ட வாக்கியங்களை, யார் சொன்னார்கள் என்று இல்லாமல், எந்தத் தரப்பு, என்ன வயது என்று மட்டும் குறித்து ஒட்டலாம். அடுத்த தாளுக்குப் பசாரை விட்டுத் தோட்டத்துக்குள் போகலாம்: ரப்பருக்குக் "கித்தா" என்கிறோம், மலாயில் "கெத்தா", காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு" ஆங்கிலப் பரேடு. கித்தாவுக்கு இரண்டாவது வரி, அதாவது மலாயிலிருந்து தமிழுக்கு அதே ஒலிமாற்றத்தோடு வந்த இன்னொரு சொல், பால்மரம் வெட்டிய தலைமுறையிடம்தான் இருக்கும். அவர்களை முதலில் கேளுங்கள், அகராதி காத்திருக்கும்.